1865 ஏப்ரல்: நைந்த படையும் வெடித்த கொதிகலனும்

1865 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை. வர்ஜீனியாவில் அப்பமாட்டக்ஸ் கோர்ட் ஹவுஸ் என்ற சிற்றூருக்கு அருகே, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்றுக்கொண்டிருந்த தெற்குப் படை விடியற்காலையில் கடைசியாக ஒருமுறை முட்டிப் பார்த்தது. முன்னால் நின்று நடத்தியவர் தளபதி ஜான் பி. கார்டன். நிலைமையை அறிந்துவரப் படைத்தலைவர் ராபர்ட் ஈ. லீ ஆள் அனுப்பினார். தன் படைப்பிரிவு ‘ஃப்ராஸில்’ ஆகும்வரை சண்டை போட்டாகிவிட்டது, சக தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் படை வந்து தோள்கொடுத்தாலொழிய இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கார்டன் சொல்லியனுப்பினார். லாங்ஸ்ட்ரீட் வரவில்லை. அன்று பிற்பகலே லீ, வடக்குப் படைத்தளபதி கிராண்டிடம் சரணடைந்தார்.

ஃப்ராஸில் ராணுவச் சொல் அல்ல. துணியின் ஓரம் நூல்நூலாகப் பிரிந்து தொங்குவதற்கு இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா வட்டாரத்து மக்கள் சொன்ன பேச்சுச் சொல். நார்விச் நகரைச் சுற்றிய அந்தப் பகுதி பல நூற்றாண்டுகள் கம்பளி நெசவால் பிழைத்தது. கோட்டு தைக்கிறவர்கள் இன்றும் ‘வொர்ஸ்டட்’ என்கிற துணிக்குப் பெயர் தந்த ஊரும் அங்கேதான் இருக்கிறது. துணி பிழைப்பாக இருந்த இடத்தில் துணி நைவதற்கு ஏழெட்டுச் சொற்கள் இருப்பது இயல்பு. அதில் ஒன்று கடல் தாண்டிப் போய், அமெரிக்காவில் ஆட்களுக்கும் பொருந்தத் தொடங்கியது. இப்போது நாள் முழுக்கக் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்புகிறவர் தன்னை ‘ஃப்ராஸில்டு’ என்று சொல்லிக்கொள்கிறார். கார்டனின் ஆட்களுக்கு அது உடுப்புக்கும் உடம்புக்கும் ஒருசேரப் பொருந்தியது.

அந்த ஏப்ரல் மாதமே விசித்திரமானது. களைப்பையும் கோபத்தையும் சொல்ல ஆங்கிலம் மூன்று தொழில்களிடம் தாராளமாகக் கடன் வாங்கியிருக்கிறது: துணி, தொப்பி, நீராவி. 9ஆம் தேதிக்கும் 27ஆம் தேதிக்கும் இடையிலான 18 நாளில் இந்த மூன்றும் அமெரிக்க வரலாற்றின் நடுக்கூடத்தில் வந்து நின்றன. தற்செயல்தான். ஆனால் இன்றைக்கு உவமையாகிவிட்ட இந்தச் சொற்கள் அன்றைக்கு எவ்வளவு நேரடியாக இருந்தன என்று பார்க்க இதைவிட வசதியான மாதம் கிடைக்காது.

அந்தப் போரின் சிப்பாய்கள் அணிந்த துணிக்கும் ஒரு கதை உண்டு. 1813இல் யார்க்‌ஷயரின் பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவர், பழைய கம்பளிக் கந்தலைக் கிழித்து இழையாக்கி, புதுக் கம்பளியோடு கலந்து மறுபடி நூற்க வழி கண்டார். நெப்போலியன் போர்க் காலம், கம்பளிக்குத் தட்டுப்பாடு. கந்தலைக் கிழிக்கப் பற்கள் பதித்த உருளை சுழலும் எந்திரம் வந்தது. தொழிலாளர்கள் அதற்கு ‘டெவில்’, அதாவது பிசாசு என்று பேர் வைத்தார்கள். எந்திரத்திலிருந்து வந்த சரக்கின் பேர் ‘ஷாடி’. பேட்லியும் பக்கத்து டியூஸ்பரியும் ஐரோப்பா முழுவதிலுமிருந்து கந்தலை வாங்கிக் குவித்தன. மூட்டை மூட்டையாக வந்திறங்கிய பழந்துணியைப் பெண்கள் நிறம் பிரித்து, பித்தானையும் தையலையும் அறுத்து எடுத்தார்கள். அங்கே ஷாடி ஒரு கெட்ட வார்த்தை இல்லை. ஊருக்குச் சோறு போட்ட தொழில்.

அதைக் கெட்ட வார்த்தையாக்கியது அமெரிக்கப் போர். 1861இல் வடக்கு மாநிலங்கள் அவசர அவசரமாகப் பட்டாளம் திரட்டின. சீருடை ஒப்பந்தம் எடுத்தவர்களில் பலர் கைக்குக் கிடைத்த ஷாடியைத் தைத்துத் தள்ளினார்கள். கிழிபட்ட இழை குட்டையாகிவிடும், குட்டை இழைக்கு ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் தெம்பு குறைவு. புதுக் கம்பளியைப் போதிய அளவு சேர்த்தால் தாங்கும். லாபத்துக்காக அதையும் குறைத்தால் ஒரு மழைக்கே சட்டை பிரியும். பிரிந்தது. பத்திரிகைகள் கொதித்தன. போரில் திடீர்ப் பணக்காரரான ஒப்பந்ததாரர் கூட்டத்துக்கே ஷாடி என்று பேராயிற்று. 1863இல் ஹென்றி மார்ஃபோர்ட் அந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்து ஒரு நாவல் எழுதினார். மட்டமான எந்தப் பொருளையும் இப்போது ஷாடி என்கிறார்கள். பழந்துணியை இழையாக்கும் அந்தத் தொழில் இன்று பேட்லியில் அல்ல, ஹரியானாவின் பானிப்பட்டில் பெரிய அளவில் நடக்கிறது. உலகம் கழித்துப் போட்ட ஸ்வெட்டர்கள் அங்கே போர்வையாகின்றன.

களைப்புக்குத் துணி என்றால், கோபத்துக்கு ஆங்கிலம் நெருப்பிடம் போனது.

கோபம் வந்தவர் ‘டெம்பர்’ இழந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். அதே மூச்சில், அவருக்கு டெம்பர் அதிகம் என்றும் சொல்வார்கள். இழந்தது எப்படி அதிகமாக இருக்கும்? டெம்பர் என்பதன் பழைய அர்த்தம் சரியான கலவை. லத்தீன் வேர் அது. உடம்பில் ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கும் அளவோடு கலந்திருந்தால் மனுஷன் நிதானமாக இருப்பான் என்பது கிரேக்க வைத்தியத்தின் கணக்கு. வாதம், பித்தம், கபம் என்று வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. கலவை கெட்டால் டெம்பர் போயிற்று. காலப்போக்கில் போன சரக்கின் பேரே கோபத்துக்கு வந்துவிட்டது.

கொல்லர்களும் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பழுக்கக் காய்ச்சிய எஃகைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கினால் கடினமாகும்; ஆனால் கண்ணாடி மாதிரி உடையும். அதை மறுபடி மெல்லச் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். தேய்த்து மெருகிட்ட எஃகின் மேல் சூடு ஏறும்போது நிறம் மாறும். ஏறக்குறைய 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சள், 280ஐ ஒட்டி ஊதா, 300இல் நீலம். சவரக் கத்திக்கு மஞ்சளிலேயே நிறுத்துவார்கள், வில்சுருளுக்கு நீலம்வரை போவார்கள். வெப்பமானி இல்லாத காலத்தில் ஷெஃபீல்டு கத்திக் கொல்லர்களுக்கு இந்த நிற வரிசைதான் அளவுகோல். கூடுதலாகச் சூடு ஏறிவிட்டால் எஃகு டெம்பரை இழந்து மெத்தென்றாகிவிடும். கோபித்த மனுஷன் விறைப்பான், கோபித்த எஃகு குழையும். உவமை இங்கே கொஞ்சம் நொண்டுகிறது. மொழி அதைப் பொருட்படுத்தவில்லை.

இந்தப் பட்டறைக் கதையில் தென்னிந்தியாவுக்கும் ஒரு இடம் உண்டு. மூசையில் இட்டு உருக்கிய தென்னிந்திய எஃகை ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்றார்கள். அது கன்னட உக்கு, தமிழ் உருக்கு ஆகியவற்றின் திரிபு என்பது பொதுவான கருத்து. 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அறுவைக் கருவி செய்த லண்டன் கொல்லர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இந்த எஃகின் மேல் அபார மோகம் கொண்டவர். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து நடத்திய எஃகுக் கலவைச் சோதனைகள் 1820இல் வெளியாயின. மின்சாரத்துக்குப் பேர்போன ஃபாரடே, அதற்கு முன் இந்திய உருக்கின் பதம் பிடிபடாமல் மண்டை காய்ந்தவர்.

பட்டறையில் செய்த கோடரிக்குக் கைப்பிடி போடுவது இன்னொரு வேலை. காய்ந்து சுருங்கிய மரப்பிடியிலிருந்து கோடரித் தலை, ஓங்கும்போது கழன்று பறக்கும். யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. காடு வெட்டிக் குடியேறிய வட அமெரிக்காவில் இது அன்றாட ஆபத்து. திடீர்க் கோபத்துக்கு ‘ஃப்ளை ஆஃப் த ஹேண்டில்’ என்ற தொடர் அங்கிருந்து வந்தது. அதைத் தன் எழுத்தில் கையாண்டவர்களில் ஒருவர் தாமஸ் சாண்ட்லர் ஹாலிபர்ட்டன். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் நீதிபதியாக இருந்தவர். அவர் படைத்த சாம் ஸ்லிக் என்ற கடிகார வியாபாரி ஊர் ஊராகப் போய் வாயாலேயே கடிகாரம் விற்பவன், கனெக்டிகட் மாநிலத்துக்காரன். ‘தொப்பிக்காரன் மாதிரி மேட்’ என்ற தொடரும் 1830களில் ஹாலிபர்ட்டன் கைவழியாக வருகிறது. பைத்தியம் என்ற பொருளில் அல்ல, கோபம் என்ற பொருளில். அமெரிக்க வழக்கில் ‘மேட்’ என்றால் இன்றைக்கும் முதலில் கோபம்தான்.

அந்தத் தொடர் எப்படித் தோன்றியது என்பதில் அறிஞர்களுக்குள் தகராறு உண்டு. ஆனால் தொப்பித் தொழிலாளியின் நோயில் தகராறு இல்லை. நீர்நாய் மாதிரி நீரில் வாழும் பீவரின் ரோமம் தானாகவே நன்றாகப் பின்னிக்கொள்ளும். அதில் செய்த தொப்பிக்கு ஐரோப்பா பைத்தியமாக அலைந்து, அந்தப் பிராணியையே அருக வைத்தது. அடுத்து முயல். முயல் ரோமம் வழவழவென்று இருக்கும், பின்னாது. பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துத் தோல் மேல் தடவினால் ரோமம் முரடாகிப் பிடித்துக்கொள்ளும். தடவிய இடம் காரட் நிறமாகும். அதனால் அந்த வேலைக்கே ‘காரட்டிங்’ என்று பேர். பிறகு ரோமத்தைக் கொதிநீரிலும் ஆவியிலும் புரட்டிப் புரட்டி அழுத்துவார்கள். ஜன்னல் மூடிய அறை. ஆவியோடு பாதரசமும் எழும், தொழிலாளி அதை நாள் முழுக்க மூச்சில் இழுப்பார்.

முதலில் கை நடுங்கும். வாயில் எச்சில் ஊறும், பல் ஆடும். பிறகு மனசு. கூச்சம் வரும், யாராவது பக்கத்தில் நின்று பார்த்தால் வேலை ஓடாது. பார்க்கிறவர் மேல் காரணமில்லாமல் ஆத்திரம் பொங்கும். மருத்துவம் இந்த மனநிலைக்கு ‘எரெதிசம்’ என்று பேர் வைத்திருக்கிறது. 1860இல் நியூ ஜெர்சியின் ஜே. ஆடிசன் ஃப்ரீமன் என்ற மருத்துவர் தொப்பித் தொழிலாளிகளின் பாதரச நோயைப் பற்றி மாநில மருத்துவச் சங்க ஏட்டில் எழுதினார். கனெக்டிகட்டின் தொப்பி நகரமான டான்பரியில் இதை ‘டான்பரி நடுக்கம்’ என்றே சொன்னார்கள். பல இடங்களில் குடியால் வந்தது என்று தள்ளிவிட்டார்கள். முன்கோபியாகவும் கைநடுங்கியாகவும் இருக்கும் கூலிக்காரனைக் குடிகாரன் என்று முடிவு கட்டுவது யாருக்கும் எளிது.

இங்கே 1865 ஏப்ரலுக்குத் திரும்ப வேண்டும். 14ஆம் தேதி இரவு அதிபர் லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத், 26ஆம் தேதி வர்ஜீனியாவில் கேரெட் என்பவரின் பண்ணையில் ஒரு புகையிலைக் கொட்டகைக்குள் மாட்டிக்கொண்டார். உயிரோடு பிடிக்க வேண்டும் என்பது உத்தரவு. கொட்டகைக்குத் தீ வைத்து அவர் வெளியே வரக் காத்திருந்தபோது, பலகை இடுக்கு வழியாக ஒரு குதிரைப்படை சார்ஜண்ட் சுட்டார். பூத் சில மணி நேரத்தில் இறந்தார். சுட்ட பாஸ்டன் கார்பெட், தொழிலால் தொப்பிக்காரர்.

லண்டனில் 1832இல் பிறந்து, சிறுவயதில் நியூயார்க் மாநிலத்துக்கு வந்து, ட்ராய் நகரில் தொப்பி வேலை பழகியவர். மனைவி பிரசவத்தில் இறந்த பிறகு குடியில் விழுந்து, மதத்தில் எழுந்தார். திருந்திய ஊரின் பேரையே தன் பேராக வைத்துக்கொண்டார். 1858இல், பெண்ணாசையை வெல்ல வேண்டும் என்று கத்தரிக்கோலால் தன்னைத் தானே காயடித்துக்கொண்டவர். போரில் பிடிபட்டு, சிறைவாசிகள் ஆயிரக்கணக்கில் செத்த ஆண்டர்சன்வில் முகாமில் மாதக்கணக்கில் கிடந்தார். பூத்தைச் சுட்டதற்குத் தண்டனை இல்லை, பரிசுத்தொகையில் 1,653 டாலர் பங்கு கிடைத்தது. போருக்குப் பிறகு மறுபடி தொப்பிப் பட்டறை. எதிரிகள் தன்னைத் துரத்துவதாகப் பயம், அதற்காகக் கையில் எப்போதும் துப்பாக்கி. 1887இல் கான்சாஸ் சட்டமன்றத்தில் உதவி வாயில்காப்பாளராக இருந்தவர், ஒரு நாள் துப்பாக்கியை உருவி எல்லோரையும் மிரட்டினார். டொபீகா மனநல விடுதியில் அடைத்தார்கள். 1888இல் அங்கிருந்து குதிரையேறித் தப்பினார்; அப்புறம் அவருக்கு என்ன ஆனது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அவர் மூளையைக் கெடுத்தது பாதரசமா, ஆண்டர்சன்வில்லா, பக்தியா என்று இன்று பிரித்துப் பார்க்க வழியில்லை. ஆனால் பாதரசத்தை விட்டுவிட்டு அவர் கதையை எழுதுகிறவர்கள் பாதிக் கதைதான் எழுதுகிறார்கள்.

அமெரிக்கத் தொப்பித் தொழில் பாதரசத்தைக் கைவிட்டது 1941 கடைசியில். தொழிலாளியின் உடம்பை மட்டும் நினைத்து நடந்ததல்ல அது. வெடிகுண்டுத் திரிக்குப் பாதரசம் தேவைப்பட்ட யுத்த காலம்.

கார்பெட் பூத்தைச் சுட்ட மறுநாள், 27ஆம் தேதி பின்னிரவு 2 மணியளவில், மெம்ஃபிஸ் நகருக்குச் சற்று மேலே மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா என்ற நீராவிப் படகின் கொதிகலன்கள் வெடித்தன. 376 பேரை ஏற்ற உரிமம் பெற்ற படகில் 2,000க்கு மேற்பட்டோர். பெரும்பாலோர் கஹாபா, ஆண்டர்சன்வில் முகாம்களிலிருந்து விடுதலையாகி வீடு திரும்பிய வடக்குச் சிப்பாய்கள், எலும்பும் தோலுமாக. ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். அமெரிக்க வரலாற்றில் இதைவிட மோசமான கப்பல் விபத்து கிடையாது. பத்திரிகைகளின் முதல் பக்கத்தை லிங்கனும் பூத்தும் பிடித்துக்கொண்டதால் சுல்தானா உள்ளே தள்ளப்பட்டது.

கோபத்துக்கு நீராவியிடம் ஆங்கிலம் வாங்கிய கடன் பெரியது. மனசில் இருப்பதைக் கொட்டித் தீர்ப்பது ‘லெட் ஆஃப் ஸ்டீம்’. பொங்கி வெடிப்பது ‘ப்ளோ அ கேஸ்கட்’. முதல் தொடர் பிறந்த காலத்தில் நீராவியை விடாமல் அடக்கிவைத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். சேஃப்டி வால்வை 1679ஆம் ஆண்டிலேயே டெனி பாப்பான், எலும்பை வேகவைக்கும் தன் அழுத்தப் பாத்திரத்தோடு ராயல் சொசைட்டிக்குக் காட்டினார்; நம் வீட்டுக் குக்கரின் பாட்டன் அதுதான். வால்வு இருந்தும் விபத்து நின்றபாடில்லை. 1803இல் கிரீனிச்சில் ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் எஞ்சின் வெடித்து நால்வர் இறந்தார்கள். கவனக்குறைவுதான் காரணம் என்று ட்ரெவிதிக் வாதாடினார். உயர் அழுத்த நீராவியே ஆபத்து என்று போட்டியாளரான ஜேம்ஸ் வாட் தரப்பு பிரசாரம் செய்தது. ட்ரெவிதிக் வாயால் பதில் சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த எஞ்சின்களில் இரண்டு வால்வு வைத்தார், அதில் ஒன்றை ஓட்டுகிறவர் தொட முடியாது. தண்ணீர் வற்றிச் சூடேறினால் உருகி ஆவியை வெளியேற்றும் ஈயச் செருகியும் அவர் யோசனை.

ஓட்டுகிறவர் தொட முடியாத வால்வின் அருமை 1831 ஜூன் 17 அன்று தெரிந்தது. தென் கரோலினாவில் ‘பெஸ்ட் ஃப்ரெண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்’ என்ற ரயில் எஞ்சின் நின்றுகொண்டிருந்தது. தொடர்ந்து பயணிகளை இழுத்த முதல் அமெரிக்கத் தயாரிப்பு எஞ்சின் என்ற பெருமை அதற்கு உண்டு. வால்விலிருந்து ஆவி ஓயாமல் சீறியது. அந்தச் சத்தம் நெருப்பிடும் தொழிலாளிக்கு எரிச்சலூட்ட, வால்வை அழுத்தி மூடிவிட்டார். கொதிகலன் வெடித்தது, காயத்தில் அவர் இறந்தார். எஞ்சின் ஆவியை விட்டு ஆசுவாசப்பட்டது, அவருக்கு அந்தச் சலுகைகூட இல்லை. அவர் பேரை வரலாறு குறித்துவைக்கவில்லை. ஒரு அடிமை என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். கம்பெனி அதன் பிறகு எஞ்சினுக்கும் பயணிப் பெட்டிக்கும் நடுவே பஞ்சுப் பொதி அடுக்கிய வண்டி ஒன்றைக் கோத்து, அடுத்த வெடிப்பு பயணிகளை எட்டாதபடி பார்த்துக்கொண்டது. நெருப்பிடுகிறவர் பொதிக்கு முன்னால்தான் நின்றார்.

சுல்தானாவில் எரிச்சல் இல்லை, அவசரம்தான். விக்ஸ்பர்க்கில் நின்றபோது ஒரு கொதிகலன் ஒழுகியது. தகட்டைக் கழற்றி முறையாகச் செய்ய வேண்டும் என்று கொல்லர் சொன்னார், நாள் பிடிக்கும். கரையில் காத்திருந்த சிப்பாய்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் கட்டணம் தந்தது, தாமதித்தால் வேறு படகு ஏற்றிக்கொண்டு போய்விடும். பழைய தகட்டைவிட மெல்லிய ஒட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். சேற்று நீர் ஓடும் மிசிசிப்பிக்குப் படகின் குழாய்க் கொதிகலன் ஒத்துவராதது. வண்டல் படிந்தால் சுத்தம் செய்வது பெரும்பாடு. கேப்டன் மேசன் விபத்திலேயே இறந்தார். ராணுவ நீதிமன்றம் ஒரே ஒரு அதிகாரிமேல் குற்றம் கண்டது, அந்தத் தீர்ப்பும் பின்னர் ரத்தானது.

அடுத்த ஆண்டு, 1866இல், கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் கொதிகலனைச் சோதித்துக் காப்பீடு செய்யும் கம்பெனி ஒன்று தோன்றியது. காப்பீடு வேண்டுமென்றால் சோதனைக்குச் சம்மதிக்க வேண்டும். சட்டத்தைவிட இந்த நிபந்தனை முதலாளிகளிடம் வேகமாகச் செல்லுபடியானது. அமெரிக்கா முழுவதற்கும் பொதுவான கொதிகலன் விதிமுறை வர 1905இல் ப்ராக்டன் செருப்புத் தொழிற்சாலை வெடித்து 58 பேர் சாக வேண்டியிருந்தது. இயந்திரப் பொறியாளர் சங்கம் அதை வெளியிட இன்னும் பத்தாண்டு போல ஆயிற்று.

இந்தியாவில் சட்டம் தாமதிக்கவில்லை. 1863இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் இறந்ததும், மறு ஆண்டே வங்காளத்தில் கொதிகலன் சோதனைச் சட்டம் வந்துவிட்டது. மாகாணத்துக்கு ஒரு சட்டமாக இருந்ததை ஒன்றாக்கியது 1923ஆம் ஆண்டின் இந்திய பாய்லர்கள் சட்டம். நம் அரிசி ஆலைகளிலும் சாயப்பட்டறைகளிலும் பாய்லர் ஆபரேட்டர் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த வழியில் வந்ததுதான். அனுமதித்த அழுத்தத்தில் திறக்காதபடி சேஃப்டி வால்வில் கைவைப்பதை அந்தச் சட்டம் தனியாகப் பேர் சொல்லிக் குற்றமாக்கியிருந்தது.